ஏப்ரல் முதல் ஜூன் வரை: ஈரோடு, கரூர், திருச்சி சமவெளிக்குக் கோடை எப்படி அமையும்?

தோட்டத்துப்பாதை (அந்தியூர் பக்கம்)

பங்குனி பிறந்தாலே வாட்ஸ்அப் முழுக்கக் கோடைக் கணிப்புதான். ஒருவர் வரலாறு காணாத வெயில் என்கிறார், இன்னொருவர் சித்திரையில் மழை பிய்த்து உதறும் என்கிறார். இரண்டையும் ஒரே ஆள் அடுத்தடுத்து அனுப்புவதும் நடக்கிறது.

எனக்கு இரண்டு விஷயம் முடிவு பண்ண வேண்டும். நேந்திரன் குலை தள்ளி நிற்கிறது. கம்பு வாங்கி முட்டுக் கொடுப்பதா, செலவு பார்த்து விட்டுவிடுவதா? அடுத்தது மேட்டாங்காட்டில் கோடை உழவு. ஒரு உழவு மழை எப்போது கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்?

வானிலை மையம் மார்ச் கடைசியில் ஏப்ரல்–ஜூன் கண்ணோட்டம் வெளியிடுகிறது அல்லவா, அதை வைத்து இதற்கு விடை தேட முடியுமா? எந்த ஆண்டுப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் நிறம்தான் தெரிகிறது, நம்ம ஊர் தெரியவில்லை.

கத்திரி28

எதற்கு இவ்வளவு குழப்பம்? மே 4 கத்திரி ஆரம்பம், 28 முடிவு. அதுதான் உச்சம். அதற்கு முன்னால் அடிப்பதெல்லாம் முன்னோட்டம், அதற்கப்புறம் தென்மேற்குக் காற்று வந்துவிடும். நம் பெரியவர்கள் ஒரே வரியில் சொன்னதைத்தான் இவர்கள் கலர் அடித்துக் காட்டுகிறார்கள்.

காற்றுமானி

தோட்டத்துப்பாதை அண்ணா, உங்கள் இரண்டு கேள்விக்கும் அந்தப் படத்தில் பதில் கிடையாது. படம் தப்பு என்று சொல்லவில்லை. அது சொல்லும் விஷயம் வேறு.

மூன்று மாதத்தையும் கூட்டி வகுத்தால் அதிகபட்ச வெப்பம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, இயல்பை ஒட்டி இருக்க எவ்வளவு, குறைய எவ்வளவு, இதைத்தான் அந்த நிறங்கள் காட்டுகின்றன. கடும் சிவப்பு என்றால் வெயில் கடுமையாக இருக்கும் என்று பலர் படிக்கிறார்கள். ‘கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம்’ என்பதுதான் பொருள். சராசரி அரை டிகிரி கூடினாலும் கணக்கில் அது கூடுதல்தான். பசிபிக்கில் எல் நினோ (கடல் வழக்கத்தைவிடச் சூடு) இருக்கிறதா லா நினா (வழக்கத்தைவிடக் குளிர்ச்சி) இருக்கிறதா, கடல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதெல்லாம் மாதக்கணக்கில் மெதுவாக மாறுபவை. அதனால் வெப்பச் சராசரியை முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. கோடை மழை விஷயம் அப்படியில்லை. அது மதியம் 2 மணிக்கு ஏதாவதொரு மலை உச்சியில் முடிவாகிறது.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம் கூடும், அனல் நாட்கள் அதிகமாகும் என்று மையம் முன்பே சொல்லியிருந்தது. அப்படியே நடந்தது. ஏப்ரலில் உள் மாவட்டங்களில் சொல்லிக்கொள்ளும்படி மழையே இல்லை. ஈரோடு, கரூர் பரமத்தி, சேலம் எல்லாம் ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் 42 டிகிரி வரையும் அதற்கு மேலும் போயின. ஆனால் அதே மே மாதத்தின் இரண்டாம் வாரத்துக்கு மேல் நிலைமை தலைகீழாகி மழை பிடித்துக்கொண்டது. சிவப்புப் படத்தைப் பார்த்து ‘இந்த வருஷம் கோடை மழை இல்லை’ என்று முடிவு கட்டியவர்கள் உழவைக் கோட்டை விட்டிருப்பார்கள்.

கத்திரி28, உங்களுக்கும் அதே 2024 ஒரு பதில். உச்சம் கத்திரி பிறப்பதற்கு முந்தைய நாட்களிலேயே வந்துவிட்டது. 2025 இன்னும் மோசம், அதாவது கத்திரிக்கு. மே 24-ஆம் தேதியே கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது. வழக்கமான தேதி ஜூன் 1. 2009-க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் வந்தது அந்த ஆண்டுதான்.

கத்திரி28

இரண்டு வருஷத்தை வைத்து பல நூறு வருஷக் கணக்கை ஒதுக்கிவிட முடியாது சார். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி. கத்திரி முடிந்த கையோடு. அந்த வெயிலின் வால்தான் அது.

காற்றுமானி

ஒதுக்கவில்லை. கடலோரத்துக்கும் வேலூர், திருத்தணிக்கும் மே கடைசி உண்மையிலேயே கொடுமையான நேரம். மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, வலுத்தால் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும், அல்லது வராமலே போகும். சென்னை வெந்துவிடும். 2003-இல் நடந்தது அதுதான்.

ஆனால் அதே மேல்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குள் நுழையும்போது குளிர்ச்சியைக் கொண்டு வருகிறது. ஒரே காற்று, ஒரு பக்கம் வரம், மறுபக்கம் சாபம். கோவையில் மே மாத அதிகபட்சச் சராசரி ஏப்ரலைவிடக் குறைவு. உடுமலை, பல்லடம், தாராபுரம் காற்றாலைகள் மே கடைசியில் விடாமல் சுழல ஆரம்பித்துவிட்டால் அந்தப் பட்டைக்குக் கோடை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் ஏப்ரல் பாதியிலிருந்து மே முதல் வாரம் வரைதான் கண்டம். திருச்சிக்குத்தான் பாவம், கணவாய்க் காற்று வந்து சேரும்போது குளிர்ச்சி வடிந்து வெறும் காற்றாக இருக்கும். அங்கே ஜூனிலும் 37, 38 சர்வசாதாரணம். ஆகவே ‘தமிழ்நாட்டுக்குக் கோடைக் கண்ணோட்டம்’ என்று ஒன்றே ஒன்று கிடையாது.

சூரியக் கணக்கே பார்த்தாலும், ஈரோடு–திருச்சி நேர்க்கோட்டில் சூரியன் தலைக்கு மேல் நிற்பது ஏப்ரல் 18 முதல் 20 வரை. கத்திரிக்கு இரண்டு வாரம் முன்பு. தரை சூடேறி உச்சத்துக்கு வரக் கொஞ்சம் தாமதமாகும், அந்தத் தாமதத்துக்குள் மழை புகுந்துவிட்டால் உச்சம் உடைந்துவிடும். புகாத வருஷத்தில் கத்திரி ஜெயிக்கும். அவ்வளவுதான் என் வாதம்.

மாடிவீடு_திருச்சி

வெறும் காற்று என்று சொன்னீர்களே, அதைப் படித்து வயிறு எரிந்தது. உண்மைதான் என்பதால் சண்டை போட முடியவில்லை :)

ஒரு சந்தேகம். பேப்பரில் ‘வெயில் சதமடித்தது’ என்று போடுகிறார்கள். செல்போன் 44 போல் உணர்கிறது என்று காட்டுகிறது. ஆனால் ‘வெப்ப அலை’ என்று மையம் பெரும்பாலும் அறிவிப்பதில்லை. யார் சொல்வதை நம்புவது?

மேகம்பார்

இதற்கு நான் வருகிறேன்.

பேப்பர் சதம் என்பது 100 பாரன்ஹீட். அதாவது 37.8 செல்சியஸ். நம் உள் மாவட்டங்களுக்கு ஏப்ரலில் அது அன்றாடக் கதை. சமவெளி நிலையம் ஒன்றில் வெப்ப அலை என்று சொல்ல முதலில் 40-ஐத் தொட வேண்டும், கூடவே அந்த ஊரின் அந்தத் தேதி இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 6.4-க்கு மேல் கூடினால் கடும் வெப்ப அலை. இயல்பு எதுவானாலும் 45-ஐத் தொட்டால் அதுவும் வெப்ப அலைதான்.

இப்போது கரூர் பரமத்தியைப் பாருங்கள். ஏப்ரல் கடைசியில் இயல்பே 37, 38 என்று நிற்கும் ஊர். அங்கே 41 அடித்தாலும் கூடுதல் மூன்று, நான்குதான். ஆள் சுருண்டு விழுந்தாலும் கணக்குப்படி வெப்ப அலை இல்லை. அப்புறம், ஒரே ஒரு நிலையம் போதாது. ஒரு வானிலை உட்பிரிவில் இரண்டு நிலையங்களாவது, தொடர்ந்து இரண்டு நாட்களாவது இப்படி இருந்தால் இரண்டாம் நாளில் அறிவிப்பார்கள். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சேர்ந்து ஒரே உட்பிரிவு. கன்னியாகுமரியும் கரூரும் ஒரே கணக்கில்.

செல்போன் காட்டுவது பெரும்பாலும் கணினி மாதிரி நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிட்டுச் சொல்லும் எண். பக்கத்தில் கருவி எதுவும் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. மையத்தின் வெப்பமானி காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில், ஆளுயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். ரோட்டில் நிற்கும் காரின் திரையில் 46 வந்தால் அது தார் ரோட்டின் வெப்பம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்கே போடாதீர்கள், தயவுசெய்து.

மாடிவீடு_திருச்சி

அது சரி, ராத்திரிக் கணக்கு எங்கே வருகிறது? பகலாவது எங்காவது ஒதுங்கிவிடலாம். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற அறையில் 12 மணிக்கும் சுவர் சுடுகிறது.

காற்றுமானி

ராத்திரிதான் என்னைப் பொறுத்தவரை நல்ல துப்பு. காற்று வறண்ட மேல்காற்றாக இருந்தால் பகலில் சுட்டெரிக்கும், ஆனால் விடியற்காலையில் கொஞ்சம் போர்வை தேடும். கீழ்க்காற்று, அதாவது வங்கக் கடலின் ஈரம், உள்ளே ஏறிவிட்டால் பகல் வெப்பம் ஒன்றிரண்டு குறையும், ராத்திரி இறங்க மறுக்கும். குறைந்தபட்ச வெப்பம் 25-இலிருந்து 27, 28 ஆகும். புழுக்கத்தில் தூங்க முடியாமல் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் மழைக்கான சரக்கு வந்து இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கோடை மழை எப்படி உருவாகிறது என்பதையும் இத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தக்காணத்திலிருந்து இறங்கும் வறண்ட வடமேற்குக் காற்றும், வங்கக் கடலிலிருந்து வரும் ஈரமான தென்கிழக்குக் காற்றும் நம் உள் மாவட்டங்களுக்கு மேலேயோ கர்நாடக எல்லையிலோ முட்டிக்கொள்ளும். மகாராஷ்டிரத்தின் விதர்பாவிலிருந்தோ மராத்வாடாவிலிருந்தோ கர்நாடகம் வழியாக உள் தமிழகம் வரை நீளும் அந்தக் கோட்டைத்தான் அறிக்கையில் ‘காற்றின் திசை மாறுபடும் பகுதி’ என்று எழுதுவார்கள். அந்தக் கோடு நமக்குக் கிழக்கே தள்ளிப் போனால் நாம் வறண்ட பக்கம், மேற்கே போனால் ஈரப் பக்கம். ஒரே வாரத்தில் முன்னும் பின்னும் நகரும். மார்ச் மாதத்தில் உட்கார்ந்து, மே 6 அன்று அது பவானிக்கு மேற்கே இருக்குமா கிழக்கே இருக்குமா என்று எந்தக் கணினி மாதிரியாலும் சொல்ல முடியாது.

ஈரம் இருந்தாலும் தூக்கிவிட ஆள் வேண்டும். அந்த வேலையை மலைகள் செய்கின்றன. பர்கூர் மலை, ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை, சிறுமலை. சரிவு சூடாகிக் காற்று மேலே ஏறி, மதியம் 2 மணிவாக்கில் பூக்கோசு மாதிரி மேகம் கிளம்பும். அதிலிருந்து இறங்கும் குளிர்காற்று சமவெளியில் பரவிப் புதுசாக இன்னொரு மேகத்தைக் கிளப்பும். மலையடிவாரத்துக்கு 4 மணி, சமவெளிக்கு 6, 7 என்று போகும்.

பந்தல்காரர்

அருமையாகப் போகிறது இழை. என் பிழைப்பு இதில்தான் ஓடுகிறது, அதனால் நேரடிக் கேள்வி. வைகாசி முகூர்த்தத்துக்கு இப்போதே ஆர்டர் வருகிறது. திறந்தவெளி ரிசப்ஷன், துணிப்பந்தல் போதும் என்கிறார்கள். நான் தகரக்கொட்டகை போடச் சொன்னால் பணம் பிடுங்குகிறேன் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்லட்டும்?

காற்றுமானி

தேதி சொல்ல முடியாது, நேரம் சொல்லலாம். காலை முகூர்த்தத்துக்குப் பயமில்லை. உள் மாவட்டங்களில் கோடை இடிமழை பெரும்பாலும் மாலை 3 மணிக்கு மேல் முன்னிரவுக்குள் வருவது. ரிசப்ஷன் நேரமும் அதுதான். ஆக, ஆபத்து சாயங்காலத்துக்கு மட்டும். மழைக்குத் தகரம் என்று சொல்லாதீர்கள், காற்றுக்குத் தகரமும் ஆபத்து. பந்தல் கால்களை ஆழமாக நட்டு, வரிந்து கட்டி, மேடையை ஏதாவதொரு கட்டடத்தின் மறைவில் போடச் சொல்லுங்கள். இடி கேட்டால் ஆட்களை உள்ளே அனுப்ப ஒரு மண்டபமோ கூடமோ பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்று நாள் முன்பு மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். அன்று மதியத்திலிருந்து மூன்று மணி நேர அறிவிப்பு வரும், அதுதான் முக்கியம். மின்னலுக்குத் ‘தாமினி’ செயலி நல்லது, இலவசம்.

மேகம்பார்

ரேடாரையும் பார்க்கலாம் என்பார்கள், ஆனால் நம் பக்கத்துக்கு அதில் ஒரு சிக்கல். ஈரோட்டுக்குக் காரைக்கால் ரேடார் 230 கி.மீ. தூரம், கொச்சியும் 200-க்கு மேல், அதற்கு நடுவில் மேற்குத்தொடர்ச்சி மலை குறுக்கே. ரேடார் கதிர் அரை டிகிரி சாய்வில் கிளம்பினாலும், பூமி வளைவதால், 230 கி.மீ. வரும்போது 5 கி.மீ. உயரத்தில் போகும். அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. நெட்டையான இடிமேகத்தின் மண்டை தெரியும், குட்டை மேகத்தின் மழை தெரியாது. ரேடாரில் ஒன்றுமில்லையே என்று துணி காயப்போட்டுவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய.

அதனால் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். அரை மணிக்கு ஒன்று வரும். மதியம் 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையே பர்கூர் மேலும் சேர்வராயன் மேலும் வெள்ளைப் புள்ளி வருகிறதா என்று பார்த்தாலே பாதி ஜாதகம் தெரிந்துவிடும்.

கத்திரி28

சரி, கத்திரியை விடுங்கள். வங்கக் கடலில் மே மாதம் புயல் வந்தால்? அதுவும் உங்கள் மூன்று மாதப் படத்தில் கிடையாது அல்லவா?

காற்றுமானி

கிடையாது. ஆனால் இது நல்ல கேள்வி. மே புயல் என்றதும் எல்லோரும் மழைக்கு ஆசைப்படுகிறார்கள். பெரும்பாலும் நமக்கு எதிராகத்தான் முடியும். 2019-இல் ஃபானி வருகிறது என்று சென்னையே தண்ணீர்ப் பஞ்சத்தில் வாயைப் பிளந்து காத்திருந்தது. அது திரும்பி மே 3 அன்று ஒடிசாவில் பூரி பக்கம் கரையேறியது. 2020-இல் ஆம்பன் மேற்கு வங்கம் போனது. புயல் வடக்கே போகும்போது ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நமக்கு வறண்ட மேல்காற்றை விட்டுவிட்டுப் போகும். அடுத்த சில நாட்கள் அனல் பறக்கும். 2010-இல் லைலா மாதிரி நம் கரையை ஒட்டிப் போனால்தான் கொஞ்சம் நனைவோம், அதுவும் கடலோரம்தான் நனையும். அந்தியூருக்கு ஒரு சொட்டு வராது.

தோட்டத்துப்பாதை

எல்லாம் புரிகிறது. ஆனால் என் வாழை அப்படியே நிற்கிறது. கம்பு வாங்கலாமா வேண்டாமா சாமி?

காற்றுமானி

வாங்குங்கள் அண்ணா. படம் சிவப்பா வெள்ளையா என்று பார்க்காமல் வாங்குங்கள். வறண்ட வருஷத்தில்தான் வாழைக்கு ஆபத்து அதிகம். எப்படி என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (dew point, காற்றிலுள்ள ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் மீட்டரில் வரும். வெப்பம் 39, பனிநிலை 24 என்றால் வித்தியாசம் 15, அடிப்பகுதி சுமார் 1,900 மீட்டர். ஈரமான நாள். விழும் மழை பெரும்பாலும் தரைக்கு வந்து சேரும். அதே 39-க்குப் பனிநிலை 19 என்றால் வித்தியாசம் 20, அடிப்பகுதி 2,500 மீட்டர். நடுவில் இருப்பதெல்லாம் காய்ந்த காற்று. மழைத்துளி பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். ஆவியாகும்போது சுற்றியிருக்கும் காற்றைக் குளிர வைக்கும். குளிர்ந்த காற்று கனம் கூடி அப்படியே தொப்பென்று கீழே விழுந்து, தரையில் மோதி நாலாபக்கமும் பாயும். அதுதான் நம் சூறைக்காற்று. நான்கு சொட்டு விழும், புழுதி கிளம்பும், ஒரு தோட்டம் முழுக்கப் படுத்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் இலை கூடக் கிழியாது. சத்தியமங்கலம், கோபி, மேட்டுப்பாளையம் பக்கம் கோடையில் வாழை சாயும் செய்தி வராத ஆண்டே இல்லை என்று சொல்லலாம்.

பனிநிலையை எங்கே பார்ப்பது என்று கேட்பீர்கள். பெரும்பாலான செயலிகளில் ஈரப்பதத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மதியம் 2 மணி எண்ணை எடுங்கள். காலை எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாக வரும்.

எல்லா மரத்துக்கும் வாங்கப் பணம் இடிக்கும் என்றால், குலை தள்ளிய மரங்களுக்கு முதலில். அதிலும் மேட்டு ஓரமாக, மறைப்பில்லாமல் மலையைப் பார்த்து நிற்கும் வரிசைகளுக்கு. உங்கள் பக்கம் இடிமேகம் பர்கூர் மலையிலிருந்து இறங்கும் என்றால் காற்றும் முதலில் அந்தத் திசையிலிருந்தே அடிக்கும். பாய்ச்சிய தண்ணீர் நின்று மண் இளகியிருக்கும் நாளில் சுலபமாகச் சாயும், அதனால் மேகம் கட்டும் மதியங்களில் மடை திறக்காதீர்கள்.

தோட்டத்துப்பாதை

சவுக்குக் கம்புக்கு நாளைக்கே சொல்லிவிடுகிறேன். உழவு?

காற்றுமானி

தமிழ்நாட்டுக்கு மார்ச் முதல் மே வரை இயல்பு மழை சுமார் 12, 13 செ.மீ. அதில் பெரும்பகுதி ஏப்ரல் பாதிக்கு மேல்தான். மேட்டாங்காட்டுச் செம்மண்ணில் கொழு இறங்க இரண்டு, மூன்று செ.மீ. ஒரே மழையாக வேண்டும். அரை அரையாக வந்தால் அடுத்த நாள் மதியத்துக்குள் போய்விடும். ‘சித்திரை மாதத்து உழவு பத்தரை மாற்றுத் தங்கம்’ என்பது நம் பக்கத்துச் சமவெளிக்கு மிகச் சரியாகப் பொருந்தும். ஏப்ரல் 14 முதல் மே பாதி வரை உங்கள் வாய்ப்பு. தேதி குறிக்காமல் டிராக்டர்காரரிடம் ‘மழை பெய்த மறுநாள் காலை நம்ம காடு’ என்று இப்போதே பேசி வையுங்கள். மழை பெய்தபின் கூப்பிட்டால் ஊரே கூப்பிட்டிருக்கும், நாலாம் நாள்தான் வருவார், அதற்குள் ஈரம் ஓடிவிடும்.

வியாழக்கிழமை தோறும் மையம் நான்கு வாரத்துக்கான நீட்டித்த கணிப்பை வெளியிடுகிறது. அதில் முதல் இரண்டு வாரத்தை மட்டும் பாருங்கள். தென் தீபகற்பத்தில் மழை கூடும் என்று வந்தால் டிராக்டர்காரருக்கு இன்னொரு போன்.

மாடிவீடு_திருச்சி

திருச்சிக்கு ஏதாவது நல்ல செய்தி?

மேகம்பார்

பச்சைமலை மேகம் தெற்கே இறங்கினால் துறையூர், முசிறி வரை நனையும். மாநகரம் வரைக்கும் வருமா என்பது அன்றைய மேல்மட்டக் காற்றைப் பொறுத்தது. மாடித் தரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்துவிடுங்கள்.

பந்தல்காரர்

துணிப்பந்தல் கேட்ட பார்ட்டிக்கு இந்த இழையை அனுப்பினேன். மண்டபத்துக்கே மாற்றிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நல்லா இருங்கப்பா :)